எஞ்சியிருக்கும் தசை



நோயிலிருந்து மீள்பவருக்குத் தம் வலிமை எது, துணை எது என்று எப்படித் தெரியவருகிறது? இதைப் பேசத் தொடங்க வேலூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1940களின் இறுதியில் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீர்செய்யத் தொடங்கினார். நரம்பு செத்த தசையை மீட்க வழியில்லை. ஆகவே, நோய் தொடாத தசை எது என்று முதலில் தேடுவார்கள். அசைக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதன் தசைநாரைத் திருப்பி விரல்களோடு இணைப்பார்கள். தையல் பிரித்த பின்னும் வேலை முடியாது. வேறொன்றுக்குப் பழகிய தசை இனி விரலை இயக்க வேண்டும் என்று நோயாளி கற்றாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் அருகே அமர்ந்து பயிற்சி தர ஒருவர் வேண்டும். அந்தப் பொறுமையை அறுவைத் திறமைக்குச் சற்றும் குறையாததாக மதிக்கிறேன்.

அதே கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. முகத்திலும் கடுமையான காயம். மருத்துவத் தொழிலே முடிந்தது என்று எண்ணிய அவரிடம் பிராண்ட் ஒரு வழியைச் சொன்னார்: கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். தம் கைகள் நன்றாக இருப்பது மேரிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், படுக்கையில் கிடப்பவர் மனத்தை இழப்பு முழுவதுமாக அடைத்துக்கொள்கிறது. மிச்சத்தை எடுத்துச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருக்கிறது. சொன்னால் மட்டும் போதாது, அறுவை அரங்கின் கதவையும் திறந்துவிட வேண்டும். வேலூர் திறந்துவிட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

மேரியைப் போலத் தண்டுவடம் அடிபட்டவருக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக் கைவலு வேண்டும். அது அவருடையது, பயிற்சியால் வளரும். தானே புரள முடியாத நாட்களில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். புரட்டும் கைகள் வீட்டாருடையவை. பெரும்பாலும் மனைவியோ தாயோ இரவெல்லாம் விழித்திருக்கிறார். அவர் பெயர் மருத்துவக் குறிப்பில் அரிதாகவே ஏறுகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மருத்துவமனைகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் இருக்கின்றன. அதில் இன்னும் இரண்டு வரிகள் சேருங்கள். இவர் இன்று தாமாகவே செய்யக்கூடியவை எவை? வீட்டில் யார் துணை, அவருக்கு ஓய்வு தர யார் இருக்கிறார்? நோயாளியைக் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.