கம்பு எடுக்குமுன்

இராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்துவிட்ட இந்நாளில், இரவு ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும் தகப்பனார், தம் குழந்தையைச் சிலம்பத்தில் சேர்ப்பதா, கராத்தேயில் சேர்ப்பதா என்று யோசிப்பது சகஜம். கலை எதுவாயினும் ஆகுக. ஆசான் யார் என்பதே பிரதானம் என்பது என் அபிப்பிராயம்.

பணம் கட்டுமுன் ஒரு மாலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். சிலம்பத்தில் முதற்பாடம் கம்பு வீச்சு அன்று, காலடி வரிசை. பாதங்கள் நிலைகொள்ளுமுன்னரே விழாமேடைக்காகக் கம்பைச் சுழற்றக் கற்பிக்கும் இடத்தில் அலங்காரம் இருக்கலாம், வித்தை இராது. கம்பு பிள்ளையின் நெற்றி மட்டத்துக்கு இருக்கிறதா, எதிரெதிரே நின்று பழகுகையில் தலைக்கவசம் உண்டா, தவறிய பிள்ளையை ஆசான் அடித்துத் திருத்துகிறாரா, தாமே செய்து காட்டித் திருத்துகிறாரா என்று பாருங்கள். பெற்றோர் உள்ளே வரலாகாது என்று சொல்லும் பள்ளியை, அது எத்துணைப் பிரசித்தி பெற்றதாயினும், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்திருக்கிறது. ஆகையால், சான்றிதழ் தருவோம் என்பவரிடம், அதை வழங்கும் சங்கம் எது, அதற்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பதில் சங்கோசம் வேண்டாம்.

பெரியவர்களும் தாராளமாகச் சேரலாம். எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்து முழங்கால் வலி கண்டவர், அதை ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.