பேயும் கருவியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தளராமல் நடைபெறுவது எளிய செயலன்று. அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள என்னையும் அழைத்தமைக்கு நன்றி. மங்கலமான விழாவில் பேயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். காட்டைப் பாடி, கோயிலைப் பாடி, தேவியைப் பாடி, அடுத்ததாகப் பேய்களையும் பாடிவிட்டே போருக்குள் நுழைந்தவர் செயங்கொண்டார். ஆகவே மரபு எனக்கு இடம் தரும் என்ற துணிவோடு தொடங்குகிறேன்.

நாம் கூடியிருக்கும் திருநீர்மலையை ஒட்டி அடையாறு ஓடுகிறது. மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது இவ்வூரின் தலவரலாறு. இதே ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் ஒரு பாலம் பாதியில் அறுந்து நிற்கிறது. 1967இல் கட்டப்பட்டு 1977இல் உடைந்த பாலம் அது. பேய் உலவும் இடம் என்று சென்னைவாசிகள் பேசிக்கொள்ளும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆழ்வார்ப்பேட்டைப் பகுதியின் டிமான்டி காலனி மற்றொன்று. 2015இல் வெளிவந்த திரைப்படம் அதன் பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்றது. இத்தகைய இடங்களுக்கு இரவில் கருவிகளோடு சென்று ஆராயும் குழுக்கள் நம் நாட்டிலும் தோன்றிவிட்டன. 2009இல் இந்தியன் பாராநார்மல் சொசைட்டியைத் தொடங்கிய கௌரவ் திவாரி இத்துறையில் பரவலாக அறியப்பட்டவர். 2016இல் இளவயதிலேயே மறைந்தார். இக்குழுக்களில் நம்புகிறவரும் உண்டு, மறுக்கிறவரும் உண்டு. இருவர் கையிலும் இருப்பது ஒரே கருவிதான். அந்தக் கருவி எதைச் சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது என்பதே இன்று என் பேச்சு.

முதலில் கருவிகளை அறிந்துகொள்வோம். மிகுதியாகப் பயன்படுவது கே-2 எனப்படும் மின்காந்தப் புல அளவி. வீட்டு மின்கம்பிகளையும் மின்சாதனங்களையும் சுற்றியுள்ள புலத்தை அறிய உதவும் கருவி இது. பக்கத்தில் செல்பேசி உயிர்பெற்றாலும் விளக்கெரியும். சுவருக்குள் பழைய கம்பி ஓடினாலும் எரியும். அடுத்தது அகச்சிவப்பு வெப்பமானி. ‘இந்த மூலை திடீரெனக் குளிர்ந்தது’ என்பதற்கு இதனைச் சான்று காட்டுவர். ஆனால் அது அளப்பது காற்றின் வெப்பத்தை அன்று. எதிரே உள்ள சுவர் அல்லது தரையின் மேற்பரப்பு வெப்பத்தையே. மூன்றாவது, விளையாட்டுக்கென வந்த கைனெக்ட் என்னும் கருவியிலிருந்து உருவான படக்கருவி. தன் முன் மனித வடிவம் எங்கே என்று தேடுவதற்காகவே அதன் நிரல் எழுதப்பட்டது. மனிதர் இல்லாதபோது நாற்காலியையும் திரைச்சீலையையும் மனிதராக எண்ணிக் கோட்டுருவம் வரைந்துவிடும். தேடச் சொன்னதைத் தேடிக் கண்டுபிடித்தது; அவ்வளவே.

ஒலிப்பதிவுக் கருவியைக் கவிஞர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1959இல் சுவீடனில் பிரீட்ரிக் யூர்கன்சன் பறவைகளின் ஒலியைப் பதிவு செய்தபோது அதனூடே மனிதக் குரல்கள் கேட்பதாகக் கூறினார். அவரைப் பின்பற்றி லாட்வியரான கான்ஸ்டன்டின் ரௌடிவ் பல்லாயிரம் பதிவுகளைச் சேர்த்தார். இன்றைய ‘ஆவிப்பெட்டி’ வானொலி நிலையங்களை நொடிக்குள் தாவித் தாவி ஒலிக்கவிடும் ஒரு வானொலியே. இரைச்சலிலிருந்து சொல்லைப் பிரித்தெடுப்பது மனித மூளையின் இயல்பு. தமிழ் அறிந்தவர் அதில் தமிழைக் கேட்பார்; ‘இப்போது உன் பெயர் வரும்’ என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பெயரைக் கேட்பார். மழையொலியில் யாப்பைக் கேட்கும் கவிஞருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் நம்புகிறவரை நோக்கிய சொற்கள் என்று நீங்கள் கருதலாம். மறுக்கிறவரிடமும் விருப்பமான கருவிகள் உண்டு. 1998இல் இங்கிலாந்தின் விக் டான்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். தாம் வேலை செய்த ஆய்வகத்தில் காரணமற்ற அச்சமும், கண்ணோரத்தில் ஒரு சாம்பல்நிற உருவமும் தோன்றியதை ஆராய்ந்த அவர், ஒரு மின்விசிறி எழுப்பிய, காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வே காரணம் என்று முடிவு செய்தார். நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள். இந்த விளக்கத்தை மறுப்பாளர் பலர் எல்லாப் பேய் வீடுகளுக்கும் பொருத்திப் பேசினர். பிறகு லண்டனில் ஆய்வாளர்கள் ஓர் அறையையே கட்டி, தாழ் அதிர்வையும் மின்காந்தப் புலத்தையும் வேண்டியபோது செலுத்தி 79 பேரைச் சோதித்தனர். முடிவு 2009இல் வெளியானது. விந்தையான உணர்வுகளைப் பலர் பெற்றனர். ஆனால் அவற்றுக்கும் செலுத்திய அதிர்வுக்கும் புலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. எதிர்பார்ப்பும் மன இயல்புமே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினர். அவர்கள் தங்களுக்கு விருப்பமான விளக்கத்தையே சோதனையில் நிறுத்தினார்கள். அது தோற்றதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். அந்த நேர்மையே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் அளவுகோல்.

இந்த அளவுகோலோடு நம் ஆற்றங்கரைக்கே திரும்புவோம். 1882இன் இறுதியில் பிரம்மஞான சபை தன் தலைமையிடத்தை அடையாற்றில் அமைத்தது. பிளாவட்ஸ்கி அம்மையாரின் படுக்கையறையை அடுத்த அறையில் ஒரு மரப்பேழை இருந்தது. இமயத்து மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் தோன்றுவதாக அன்பர்கள் நம்பினர். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் இதழ் சில கடிதங்களை வெளியிட்டது. அம்மையார் தம் பணியாளர்களான கூலோம் தம்பதியருக்கு எழுதியவை என்று கூறப்பட்ட அக்கடிதங்கள், அற்புதங்கள் யாவும் ஏற்பாடு என்று காட்டின. அவை போலி என்று அம்மையார் மறுத்தார். அக்கல்லூரி அப்போது கோட்டைக்கு வடக்கே நகரின் நடுவில் இருந்தது. 1937இல்தான் நம் தாம்பரத்துக்கு வந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் லண்டனின் உளவியல் ஆய்வுக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அடையாற்றுக்கு அனுப்பியது. ஏறத்தாழ மூன்று மாதம் தங்கி அவர் விசாரித்தார். பேழைக்குப் பின்னால் நகரும் பலகை இருந்ததா, அது அடுத்த அறைக்கு வழி திறந்ததா என்பதே முதன்மைக் கேள்வி. தச்சுவேலை அறிந்த கூலோம்தான் பின்னர் பழி சுமத்துவதற்காக அவ்வழியை அமைத்தார் என்றனர் சபையினர். கேள்வியைத் தீர்த்திருக்கக்கூடிய பொருள் அந்தப் பேழை ஒன்றே. ஹாட்ஜ்சன் கப்பலிலிருந்து இறங்குமுன்பே அது எரிக்கப்பட்டுவிட்டது.

1885இல் வெளிவந்த அவரது அறிக்கை அம்மையாரை வரலாற்றின் மிகத் திறமையான ஏமாற்றுக்காரர்களுள் ஒருவராகத் தீர்மானித்தது. நூறாண்டு கழித்து, 1986இல், அதே கழகத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற ஆவண ஆய்வாளர் அந்த அறிக்கையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்; ஹாட்ஜ்சன் முதலிலேயே முடிவு செய்துகொண்டு சான்றுகளைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவர் குற்றச்சாட்டு. ஹாட்ஜ்சனோ, பின்னாளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெயோனோரா பைப்பர் என்ற அம்மையாரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, இறந்தவர் பேசுகின்றனர் என்று தாமே நம்பத் தொடங்கி, அந்த நம்பிக்கையோடே 1905இல் மறைந்தார். அடையாற்றில் மறுத்தவர் பாஸ்டனில் நம்பினார்.

நம்புகிறவர், மறுக்கிறவர் என்பவை இரு குலங்கள் அல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒரே மனிதனின் இருவேறு வயதுகளாகவும் அவை இருக்கக்கூடும். உலகம் ஒப்பிய ஒன்றை மறுத்து நிற்பவனையே பேயின் வரிசையில் வைத்தவர் வள்ளுவர். புல்லறிவாண்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் அது. சொன்னவர் எவராயினும் சொல்லுக்குள் இருக்கும் மெய்யைத் தேடுவதே அறிவு என்றவரும் அவரே. முதலாவதை நம்புகிறவரும் இரண்டாவதை மறுக்கிறவரும் எடுத்துக்கொண்டு வாதிடுவது வழக்கம். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் குறைவு.

இது பொழுதுபோக்கு வாதமன்று என்பதற்கு ஒரே சான்று போதும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயைத் தீய ஆவியின் பிடி என்று நம்பியோர் தம் உறவினரைக் கொண்டுவந்து விட்டுச் சென்ற காப்பகங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்று தீப்பிடித்தது. ஓடித் தப்ப இயலாமல் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். ‘பேய் உண்டா?’ என்ற கேள்விக்கு நாம் கூறும் விடை எங்கோ ஒருவர் காலில் சங்கிலியாக மாறக்கூடும்.

இந்தப் பொறுப்பை உணர்ந்த ஒருவரைக் குறிப்பிட விழைகிறேன். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்து, கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார்; 1978இல் அவர் மறையும்வரை ஒருவரும் அப்பணத்தைப் பெறவில்லை. அவர் கடுமையான மறுப்பாளர். ஆயினும் கல்விழும் வீட்டுக்கு அவரை அழைத்தால் கூரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பமாட்டார். அவ்வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தோடு இருப்பவர் யார் என்று தேடுவார். அவரைத் தனியே அமர்த்திப் பேசவைப்பார். அவர் வழக்குக் குறிப்புகளில் பேயின் இடத்தில் பெரும்பாலும் ஒரு மனிதரின் துயரம் இருந்தது. எந்த அளவியும் காட்டாத புலம் அது.

ஆகவே இரவில் கருவியோடு புறப்படும் இளைஞர்களுக்கு, அவர்கள் எப்பக்கத்தவராயினும், மூன்று சொல்வேன். எது நிகழ்ந்தால் நீங்கள் சொன்னது தவறென ஒப்புவீர்கள் என்பதைப் புறப்படுமுன் எழுதி எதிர்த்தரப்பாரிடம் கொடுங்கள். உடைந்த பாலத்தில் அளந்ததைப் பேய்ப்பெயர் இல்லாத மற்றொரு பாலத்திலும் அதே நேரம் அளந்து ஒப்பிடுங்கள். அங்கு அஞ்சி வாழ்பவர் ஒருவர் இருந்தால், கருவியை உறையிலிட்டுவிட்டு முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஓரிரவில் உண்மை தெரிய வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள், நீர் வடிய ஆறு மாதம் காத்திருந்த கதையைச் சொல்லும் இந்த மலையடியில் சற்று அமர்ந்து செல்லலாம்.

கவிஞர்களுக்கு ஒன்று. காரைக்கால் அம்மையார் பேயுருவை விரும்பி ஏற்றார். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ நம்மை நம்பவும் விடாது, மறுக்கவும் விடாது. இலக்கியத்தின் பேய்க்கு எந்தச் சோதனையும் வேண்டியதில்லை. அது தன்னை மெய்யென்று எங்கும் வழக்குரைக்கவில்லை. நம் பேய்களைத் தொடர்ந்து பாடுங்கள். ஆனால் ஒரு பெண்ணின் நடுக்கத்தைக் காட்டி, ‘இவளைப் பிடித்திருப்பது பேய்’ என்று எவரேனும் கூறும்போது, அதை உவமையாக்கிக் கைதட்டல் பெறாதீர்கள். அங்கே கவிஞனின் கடமை, அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிழையின்றிக் கேட்டு எழுதுவதே.