789ஐத் தேடுங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. டெல்டாவில் நாற்று நட்டதும் களையெடுத்ததும் நம் சேரிகள்தான். பட்டா மட்டும் வேறு தெருவில் இருக்கிறது. இன்றும் பல ஊர்களில் சுடுகாட்டுக்குப் பாதையில்லாமல், நடவு வயலில் இறங்கித்தான் பிணத்தைத் தூக்கிப் போகிறோம்.

பாதை போடப் பணம் இல்லையா? மக்கள்தொகை விகிதப்படி நமக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதுதான் 1979இல் தொடங்கிய சிறப்புக் கூறு திட்டம். தமிழ்நாட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதை ஆதிதிராவிடர் நலத்துறையின் மானியக் கோரிக்கையில் மட்டும் தேடினால் கிடைக்காது. வேளாண்மை, ஊரக வளர்ச்சி என்று துறைதோறும் '789' என்ற கணக்குத் தலைப்பில் சிதறிக் கிடக்கிறது.

இதைக் கூட்டிப் பார்ப்பது யார்? நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளைப் பங்கிட்டுக்கொண்டு ஆராய்கின்றன. கேரளம் 1980லேயே அப்படிக் குழுக்கள் அமைத்துவிட்டது. சமூக நீதி பேசும் நம் சட்டமன்றத்தில் அது இல்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள். தலைவர் புகழ் போக மிச்ச நேரத்தில் விவாதம். பிறகு குரல் வாக்கெடுப்பு. பொதுக் கணக்குக் குழு இருக்கிறதே என்பார்கள். அது பணம் செலவான பிறகு வருவது. அறுவடை முடிந்த வயலில் களை பார்ப்பது போல.

2024இல் இந்த நிதிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது, வரவேற்போம். அடுத்து, வாக்கெடுப்புக்கு முன்பே எல்லாத் துறைகளின் 789ஐயும் ஒரே மேசையில் வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் பேரவைக் குழு வேண்டும். வரும் கூட்டத்தொடருக்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதை எழுத்தில் கொடுங்கள்.