கைவலி: பெயர் ஒன்று, நோய் பல



35 ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த என் வலக்கை, ஓய்வு பெற்ற மறு ஆண்டில் நள்ளிரவில் மரத்துப்போய் என்னை எழுப்பலாயிற்று. உதறினால் தணியும். முதுமையின் இயல்பென்று வாளாவிருந்தேன். கருமத்தம்பட்டியில் என் அண்டை வீட்டார் விசைத்தறி ஓட்டுபவர். "எனக்கும் கைவலிதானுங்க, வாத்தியாரய்யா" என்றார். இருவரும் ஒரே தைலத்தைத் தேய்த்தோம், இருவருக்கும் பயனில்லை. நோய்கள் வெவ்வேறு என்பதைப் பின்னரே அறிந்தோம்.

எனக்கு மரத்தவை கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் ஒரு பாதி. இவற்றிற்கு உணர்வூட்டும் நரம்பு, மணிக்கட்டிலுள்ள குறுகிய குகை வழியே ஒன்பது தசைநாண்களுடன் நெருங்கிச் செல்கிறது. அங்கே வீக்கம் உண்டானால் நரம்பு நெரியும். சுண்டுவிரல் மரத்தால் நெரிவது வேறொரு நரம்பு, பெரும்பாலும் முழங்கையில்.

அண்டை வீட்டாருக்கோ மரப்பு இல்லை. கட்டைவிரற் பக்கமாக மணிக்கட்டில் வலி. அறுந்த இழையை முடியும்போது மிகும். 1895இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குர்வெயின் விளக்கிய தசைநாண் உறைத் தடிப்பு அது. கைப்பேசியில் கட்டைவிரலை ஓயாது இயக்கும் நீங்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

மடங்கிய விரல் சிக்கி, 'சொடக்'கென்று நிமிர்ந்தால், விரலடியில் தசைநாண் தடைப்படுகிறது எனலாம். இரு கைக் கணுக்களும் வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்திருந்தால் முடக்குவாதத்தை ஐயுற வேண்டும். விளையாட்டில் உள்ளங்கையை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரலடிக் குழியில் வலித்தால், சுளுக்கென்று நீவிவிடாதீர்கள். அங்குள்ள சிற்றெலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரே படத்தில் அம்முறிவு தெரியாமற் போவதும் உண்டு.

அண்டை வீட்டார் விரைந்து மருத்துவரிடம் சென்றார். பட்டை கட்டி ஓய்வளித்ததில் குணமடைந்து தறிக்குத் திரும்பினார். நானோ இரண்டாண்டுகள் தாழ்த்தினேன். அறுவைக்குப்பின் உறக்கம் மீண்டது. வற்றிய கட்டைவிரலடிச் சதை மீளவில்லை. இன்றும் சட்டைப் பொத்தானை இடக்கையாலேயே மாட்டுகிறேன்.

ஆகவே, எந்த விரல், எந்நேரம், எச்செயலுக்குப்பின் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நோயை முடிவு செய்வது அவர் பணி. காலந்தாழ்த்தாது சென்று சொல்லுவது நம் பணி.