திரை தானே மாறலாமா?



நூறாண்டு கண்ட கல்லூரியின் பழைய மாணவிகளாகிய நாம் இன்று பல தேசங்களிலே வாழ்கிறோம். எம்மை இணைத்து வைத்திருப்பவை கைத்தொலைபேசியும் கணினியுமே. ஆகவே, நாம் எதை அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்று பார்த்துத் திரை தன் அமைப்பைத் தானே மாற்றிக்கொள்வது நல்லதா என்ற கேள்வி எமக்கும் உரியதே.

இது முன்னரே பரீட்சித்துப் பார்க்கப்பட்ட விடயம். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஒபிஸ் 2000 மென்பொருளில், அதிகம் பயன்படாத கட்டளைகளை மறைத்துச் சுருங்கும் பட்டியல்கள் வந்தன. பட்டியல் சிறிதாயிற்று, ஆனால் தேடிய கட்டளை இருந்த இடத்தில் இருக்கவில்லை. ஒபிஸ் 2007 இல் வேர்ட், எக்செல் முதலியவற்றில் அம்முறை கைவிடப்பட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2004 இல் மூவகைப் பட்டியல்களை ஒப்பிட்டனர். தானே மாறும் பட்டியலைவிட, மாறாத பட்டியலிலேயே வேலை விரைவாக நடந்தது. எனினும் பெரும்பாலோர் விரும்பியது, பயன்படுத்துபவரே மாற்றியமைக்கக்கூடிய பட்டியலை.

இதில் வியப்பில்லை. கை இடத்தை நினைவில் வைக்கிறது. யாழ்ப்பாணத்திலே பிறந்த ஆர். முத்தையா அவர்கள் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியாகட்டும், இன்றைய கணினியாகட்டும், விசைகள் இடம் மாறாதிருப்பதாலேயே பாராமல் தட்டப் பழகுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே இக்கருவிகளைக் கற்றோம். ரொறன்ரோவிலுள்ள மகள், “கீழே இடப்பக்கப் பொத்தானை அமத்துங்கோ அம்மா” என்று ஊரிலுள்ள தாய்க்குச் சொல்லவேண்டுமானால், இருவர் திரையும் ஒன்றாயிருக்க வேண்டும். ஒவ்வொருவர் திரையும் ஒவ்வொரு விதமாகிவிட்டால், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் வைத்தியரிடம் பதிவு செய்யவும் அத்தாய் எவரிடம் கேட்பார்?

மாற்றமே வேண்டாம் என்பதல்ல எமது கருத்து. பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்தும், கை நடுங்குபவருக்குப் பெரிய பொத்தானும், தமிழிலே திரையும் வேண்டும். ஆனால் தெரிவு எம்முடையதாக இருக்கவேண்டும். பழைய நிலைக்கு மீளவும் வழி இருக்கவேண்டும். கைத்தொலைபேசியில் தட்டும்போது, அடுத்த சொல்லைக் கருவி விசைகளுக்கு மேலே காட்டுகிறது, விசைகளை இடம்பெயர்ப்பதில்லை. எடுப்பதும் விடுவதும் எம் விருப்பம். அதுவே நல்ல முறை.

மென்பொருள் துறையிலே பணிபுரியும் எமது சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள்: எமக்காக எதையும் மாற்றுங்கள், மாற்றுமுன் எம்மைக் கேளுங்கள்.