தொட்டறியும் பாடம்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மேடையில் வடிவமைப்புக் கல்விக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். துணியின் இழைக்கும் அறிவின் ஏட்டுக்கும் தமிழில் நூல் என்பதே பெயர். நன்னூல் பாயிரமோ ஒருபடி மேலே சென்று, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கிறது. அத்தகைய மொழியினர்க்கு, நெசவைப் பெண்களை ஒதுக்கிவைக்கும் இடமாக்கிய ஒரு கலைப்பள்ளியின் கதை அயலானது அன்று.

பௌஹவுஸ் என்னும் அப்பள்ளியைக் கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் நிறுவினார். கலைக்கும் கைவினைக்கும் இடையே நின்ற சுவரை இடிப்பதே நோக்கம். நன்னடத்தையும் போதிய முன்கல்வியும் உடைய எவரும், வயதும் பாலும் பாராமல், சேரலாம் என்றது அதன் அறிக்கை. ஜெர்மானியப் பெண்கள் அண்மையில்தான் வாக்குரிமை பெற்றிருந்தனர். அவ்வழைப்பை மெய்யென்றே கொண்டனர். முதற்பருவத்தில் மாணவியர் 84 பேர். மாணவர் 79 பேர்.

அந்த எண்ணிக்கையே நிறுவனரைக் கலங்க வைத்தது. பெண்களின் தொகை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று கருதிய அவர், 1920 செப்டம்பரில் சேர்க்கையைக் கடுமையாக்குமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொண்டார். சேர்ந்த பெண்களையும் நேரே நெசவுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவது நன்று என்பது அவர் கருத்து. வாயிற்கதவு திறந்தே இருந்தது; உள்ளறைகள்தாம் அடைபட்டன.

கண்ணாடிக் கலை பயில விரும்பி 1922இல் வந்த ஆனி ஆல்பர்ஸ் மனமின்றியே தறிக்குச் சென்றார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி கண்ட முதல் நெசவுக் கலைஞர் அவரே. இவ்வெற்றியைக் காட்டி, ஒதுக்கியதும் நன்மைக்கே என்று பேசுவோர் உண்டு. அது பிழைபட்ட கணக்கு. தறியில் சிறந்தவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. வேறு கலை கற்க வந்து அதைக் கல்லாமலே போனவர்களின் பெயர்களை எந்த ஏட்டில் தேடுவது? உலோகக் கூடத்தில் எப்படியோ இடம்பெற்ற மரியானே பிராண்டும், தொடக்கத்தில் சலிப்பூட்டும் வேலைகளே தமக்குத் தரப்பட்டதைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருக்குத் துணைநின்றவர் அக்கூடத்தை நடத்திய லாஸ்லோ மொஹோலி-நாகி.

இந்த மொஹோலி-நாகி தொடக்கநிலை மாணவர்க்கு நடத்திய பாடம் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. மென்மை, சொரசொரப்பு, நெகிழ்ச்சி, விறைப்பு என்று பொருள்களின் தன்மையை விரலால் அறியும்படி அவர் மாணவர்களைப் பணித்தார். அதற்கென ஒவ்வொருவரும் தொடுபலகை ஒன்றைச் செய்ய வேண்டும். பள்ளி டெஸ்ஸாவ் நகருக்குப் பெயர்ந்தபின், 1927இல் வந்து சேர்ந்தவர் ஓட்டி பெர்கர். இன்றைய குரோவாஷியாவில் உள்ள ஸ்மாயவட்ஸ் என்னும் சிற்றூரில் 1898இல் பிறந்தவர், யூதர், நோயினால் செவிப்புலன் பெரிதும் குன்றியவர். அவர் செய்த தொடுபலகையில் பலவகை நூல்கள் முக்கோணங்களாகத் தைக்கப்பட்டிருந்தன. உடன் வண்ணத்தாள் சதுரங்கள்.

அப்பாடம் செவிகேளாதார்க்கென வகுக்கப்பட்டதன்று. கண்ணையே நம்பியிருந்த எல்லோரையும் கைக்குத் திருப்பிய பாடம் அது. அதனால் அங்கே ஓட்டி பெர்கர் சலுகை பெற்றவராக நிற்கவில்லை. மற்றவர்களோடு சமமாகத் தொடங்கினார், பலரை முந்தினார். துணியைக் கண்டால் போதாது, கையால் பற்றி உணர வேண்டும் என்று 1930இல் கட்டுரை எழுதினார். ஆசிரியர் தந்த பயிற்சி மாணவியிடம் கோட்பாடாக வளர்ந்தது.

யாப்புக் கற்பிப்போரும் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஓசை செவிக்கே உரியது என்பது வழக்கமான பாடம். நேரசையையும் நிரையசையையும் மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினால், செவி மந்தமான மாணவர்க்கும் சீர் பிடிபடும். நன்கு கேட்கும் மாணவர்க்கும் அது இழப்பன்று.

நெசவுக்கூடத்தின் தலைவியாயிருந்த குன்ட்டா ஸ்டோல்ஸில் 1931இல் விலக நேர்ந்தபோது, சிறிது காலம் அப்பொறுப்பை ஏற்று நடத்தியவர் ஓட்டி பெர்கர். ஆயினும் 1932இல் தலைமைப் பதவி லில்லி ரைக்குக்கே அளிக்கப்பட்டது. ஓட்டி பெர்கர் பெர்லினில் தம் சொந்தக் கூடத்தைத் தொடங்கினார். தம் துணிவகைக்குக் காப்புரிமை பெற்றார். தாம் வடித்த துணிகள் தம் பெயரின் முதலெழுத்துகளோடே விற்பனைக்குச் செல்ல வேண்டுமென்று வாதாடினார். பெயரின்றி உழைப்பதே நெசவாளர்க்கு இயல்பு என்று கருதிய உலகில் அது சிறு செயலன்று.

1936இல் நாஜி அரசு அவர் தொழில் செய்வதைத் தடுத்தது. 1937இல் லண்டன் சென்றார். ஆங்கிலம் தெரியாது, செவியும் துணைசெய்யவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்தவை சில பணிகளும் பெருந்தனிமையும். சிகாகோவில் புதிய பள்ளி தொடங்கிய மொஹோலி-நாகி அவரை ஆசிரியராக அழைத்தும், அமெரிக்க விசா கிட்டவில்லை. 1938இல், நோயுற்ற தாயைக் காண ஊர் திரும்பினார். 1944இல் குடும்பத்தாரோடு அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டார்.

அவர் செய்த தொடுபலகை பெர்லினில் உள்ள பௌஹவுஸ் காப்பகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. விரலால் அறியச் செய்த அதை, பாதுகாப்புக் கருதி, இன்று கண்ணால் மட்டுமே காணலாம்.