நோய் தீர்த்த பண்



பண்ருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானம், இசையே மருந்தான திருத்தலம். சமண சமயம் சார்ந்திருந்த மருள்நீக்கியாரைக் கொடிய சூலைநோய் பற்றியது. மந்திரங்கள் பலிக்கவில்லை. தமக்கையார் திலகவதியாரை நாடி வந்தார். அம்மையார் திருநீறு அளித்து, வைகறையில் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே 'கூற்றாயினவாறு' எனத் தொடங்கும் பதிகத்தைக் கொல்லிப் பண்ணில் பாடினார். சூலை நீங்கியது, நாவுக்கரசர் என்னும் திருப்பெயரும் வாய்த்தது. இவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் தம் வலியை மறைக்கவில்லை. குடலை முறுக்கும் வேதனையை உள்ளவாறே இறைவனிடம் முறையிட்டார். தனியே தாங்கவொண்ணாத துன்பம், பண்ணோடு சேர்ந்தபோது வழிபாடாயிற்று.

பாடுங்கால் மூச்சு நெடிதாய் வெளியேறுகிறது; நெஞ்சின் படபடப்புத் தணிகிறது; மனம் ஒன்றில் நிற்கிறது. ஆயினும் மருத்துவர் தரும் மருந்தை விடுதல் ஆகாது. பாட்டு மருந்துக்கு மாற்றன்று. நோயுற்றவருக்கு உற்ற துணை.

ஆதலின், சந்நிதியில் ஓதுவார் பாடும்போது விரைந்து கடவாமல் சற்றே அமர்ந்து கேளுங்கள். இல்லத்தில் நோயுற்றோர் அருகிருந்து ஒரு பாடலேனும் மெல்லப் பாடுங்கள். குரலினிமை வேண்டுவதில்லை, உள்ளம் உருகினால் போதும்.

திருச்சிற்றம்பலம்.